ஒரு பித்தளைத் திருட்டுக்கு இரண்டு விசாரணை

எங்கள் கம்பெனி கேட்டில் ஒரு பெட்டி இருந்தது. ஷிப்ட் முடிந்து வெளியே போகிறவன் அதன் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். பச்சை எரிந்தால் நேரே பஸ் ஸ்டாப்புக்குப் போகலாம். சிவப்பு எரிந்தால் பக்கத்து அறைக்குப் போய் பையைக் காட்டி, உடம்பைத் தடவிப் பார்க்கக் கொடுத்துவிட்டு வர வேண்டும். யாருக்கு எப்போது சிவப்பு வரும் என்று அந்தப் பெட்டியை வாங்கிப் போட்டவர்களுக்கே தெரியாது என்றார்கள். "இன்னிக்கு சாமி என்னைப் பார்த்துடுச்சுப்பா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டு வருவோம். எண்பதுகளின் நடுவில், ஓசூரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம். நான் கல்லாவிப் பக்கத்துக்காரன். பம்ப் செய்யும் கம்பெனியில் லேத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

என் லேத்துக்கு அடுத்து டிரில்லிங் மிஷின். அதில் நின்றவர் சூளகிரிக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊர்க்காரர். என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன், அவர் தம்பி என்பார். வீட்டில் தெலுங்கு, மிஷினில் தமிழ், சூப்பர்வைசர் மைசூர்க்காரர் என்றால் அவரிடம் கன்னடம். எதிலுமே அதிகம் பேசமாட்டார். அவருடைய அப்பாவும் அவரும் அடுத்தவர் நிலத்தில் உழைத்தே வந்தவர்கள். கம்பெனியில் அவரை நிரந்தரமாக்கி அப்போதுதான் சில மாதம் ஆகியிருந்தது. அந்தக் குடும்பத்தில் மாதாமாதம் சம்பளம் என்று ஒன்றைப் பார்த்த முதல் ஆள் அவர்.

அவருக்கு ஒருநாள் சாயங்காலம் சிவப்பு எரிந்தது.

அவருடைய ஒயர் கூடையில், டிபன் கேரியருக்குக் கீழே, கை துடைக்கிற பனியன் வேஸ்ட்டில் சுற்றிய பித்தளை புஷ்கள் இருந்தன. புஷ் என்றால் பம்புக்குள் தண்டு உரசித் தேயாமல் இருக்கப் போடுகிற வளையம். சின்னதுதான், ஆனால் நல்ல கனம். பழைய இரும்புக் கடையில் பித்தளைக்கு எப்போதும் மரியாதை உண்டு. "நான் வைக்கலை" என்று ஒரே ஒரு தடவை சொன்னாராம். மறுநாள் அவர் மிஷின் மேல் உறை போட்டிருந்தது. விசாரணை முடியும்வரை உள்ளே வரக்கூடாது என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

அந்த வாரம் கேண்டீனில் வேறு பேச்சே இல்லை. எனக்கோ யார் என்ன சொன்னாலும் அந்த வாய்ச்சொல் மனசில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் போர்மேன் சொன்னார்: "புஷ்ஷைத் தட்டுல பரப்பி வெச்சுட்டு எடுக்காதே எடுக்காதேன்னா எப்படி? ஸ்வீட் கடைக்காரன்கூட கண்ணாடி போடறான்." பூட்டி வைத்தால் திருட்டும் இல்லை, திருடனும் இல்லை என்பது அவர் கட்சி. பிரஸ் ஷாப்பில் ஒருத்தர், "ஸ்டேஷன்ல விட்டு ரெண்டு தட்டு தட்டினா எல்லாம் நேராயிடும்" என்றார். அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், "எந்த ஸ்டேஷன்ல விடுவே? எடுத்தது இந்தப் பக்கம், விக்கிறது பார்டர் தாண்டி அந்தப் பக்கம். இங்க போனா அங்க போம்பான். அங்க போனா அதையே கன்னடத்துல சொல்லுவான்" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

பர்சனல் ஆபீசர் திருச்சிக்காரர். படித்துவிட்டு நேராக வந்த சின்ன வயசு ஆள், கெட்டவர் இல்லை. எங்கள் மேஜைப் பக்கம் வந்தவர் காதில் இதெல்லாம் விழுந்தது. நின்று சொன்னார்: "எனக்கு யாரையும் தண்டிக்கணும்னு ஆசை இல்லைங்க. ஒரு உதாரணம் காட்டியாகணும். இல்லன்னா நாளைக்கு எல்லார் கூடையும் கனமாயிடும்."

பிரஸ் ஷாப் ஆள், சற்று முன் ரெண்டு தட்டு தட்டச் சொன்னவர்தான், டீ டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டார்: "உதாரணத்துக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குதே சார்."

ஆபீசர் வாட்சைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு அன்றைக்கே கொஞ்சம் குழம்பிவிட்டது. பூட்டச் சொன்னதும் சரியாகப் பட்டது, உதாரணம் சொன்னதும் சரியாகப் பட்டது, அந்த உதாரணத்தின் பெண்டாட்டி பிள்ளை என்றதும் எல்லாவற்றையும்விடச் சரியாகப் பட்டது.

கம்பெனி உள்விசாரணை நடத்தினால், குற்றம் சாட்டப்பட்டவர் தனக்காகப் பேச ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம். வக்கீல் கூடாது. அண்ணன் என்னைக் கேட்டார். நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் கையில் கிடைத்ததை எல்லாம் படிப்பேன், வாயும் சும்மா இருக்காது. என் அறைக்கு அவர் தன் வீட்டுக்காரம்மாவோடு வந்தார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்த அம்மாதான் பேசினார்.

"தம்பி, திருடன்னு எழுதி வெளிய அனுப்பிட்டா வேற கம்பெனில சேப்பாங்களா?"

"சேக்க மாட்டாங்கக்கா. ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணிக் கேட்டுக்குவாங்க."

"அப்போ திரும்ப கூலிக்குத்தான் போகணும்" என்றார். அழவில்லை. "அவரு போயிடுவாரு. புள்ளைங்க பாத்துட்டாங்களே, அப்பன் பேன்ட் போட்டுக்கிட்டுப் போறதை."

அவர் எடுத்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. பேசப் போகிறவன் கேட்கக்கூடாது என்று எதிலோ படித்திருந்தேன். அது சரிதானா என்பதும் இப்போது தெரியவில்லை.

விசாரணை நடத்த கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்திருந்தார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்கிற பழக்கம் அவருக்கு. முதல் நாள் காவலாளியை விசாரித்தார்கள். என் முறை வந்ததும் கேட்டேன்.

"அண்ணனைத் திரைக்குள்ள கூட்டிட்டுப் போய்த்தானே தடவிப் பார்த்தீங்க?"

"ஆமா."

"அப்போ கூடை எங்க இருந்துச்சு?"

"வெளிய, மேஜை மேல."

"மேஜை பக்கத்துல ஜன்னல் தொறந்துதானே இருக்கும்? அந்த நேரத்துல கூடையை யார் பார்த்துட்டிருந்தாங்க?"

காவலாளி யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். "யாரும் பாக்கலீங்க. இன்னொருத்தர் லாரிக்கு கேட் தொறக்கப் போயிட்டாரு. கூடை அது பாட்டுக்கு இருந்துச்சு."

வக்கீல் கண்ணாடியை மேலே ஏற்றி, "அது பாட்டுக்கு இருந்துச்சு" என்று டைப்பிஸ்டுக்குச் சொன்னார். பர்சனல் ஆபீசர் முகம் மாறியது. வெளியே வந்ததும் போர்மேன் என் முதுகில் தட்டினார். "இதுக்கு மேல ஒண்ணும் நிக்காதுப்பா. அடுத்த விசாரணையோட ஆளு மிஷினுக்கு வந்துடுவான்." எனக்கும் அப்படித்தான் பட்டது. அண்ணன் மட்டும், "பாக்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அடுத்த விசாரணைக்கு முந்தின நாள் அந்த அம்மா சந்தையில் என்னைப் பார்த்து, "ஊர்ல எல்லாம் முடிஞ்சுது தம்பி, இனிமே பயமில்லை" என்றார். ஊர் வாய் அடங்கிவிட்டது என்கிறார் போல என்று எடுத்துக்கொண்டு, சந்தோஷமாகத் தக்காளி வாங்கிக்கொண்டு போனேன்.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே பால் வண்டி ஒன்று நின்றது. அதிலிருந்து அண்ணனும், அவர் பின்னால் தலைப்பாகை கட்டிய ஒரு கூட்டமும் இறங்கினார்கள். அவர்களில் முன்னால் வந்தவரை ஊரில் எல்லாரும் பெரியவர் என்றே சொல்வார்கள். ஊர்ப் பஞ்சாயத்து அவர் தலைமையில்தான் உட்காரும். காவலாளி தடுத்ததும் அவர் சத்தம் போடவில்லை. "நாங்க சண்டைக்கு வரலை. உங்களுக்கு வேலை மிச்சம் பண்ணிக் குடுக்க வந்திருக்கோம்" என்றார்.

பர்சனல் ஆபீசர் அவரை மட்டும் உள்ளே விட்டார். வக்கீல் முன்னால் நாற்காலி போட்டார்கள். பெரியவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஊர்க்காரன் ஒருத்தன் பேர் வெளியே கெட்டால், ஊர் முதலில் கூடி அவனை விசாரிக்கும். பால் சொசைட்டி கட்டடத்துக்கு முன்னால் உட்காருவார்கள். ஆள் எல்லாருக்கும் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். விழுந்தால் ஏதாவது ஊர் வேலையைத் தண்டனையாகக் கொடுப்பார்கள். ஏரிக் கால்வாயில் மண் அள்ளுவது, கோயில் கிணறு இறைப்பது, இப்படி. வேலை முடிந்தால் விஷயம் முடிந்தது. அதன்பிறகு அவனைத் திருடன் என்று யாராவது சொன்னால், சொன்னவனுக்குத்தான் தண்டனை. விழமாட்டேன் என்றால் ஊரில் யாரும் அவன் வீட்டோடு பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்கள், நல்லது கெட்டதுக்குப் போகமாட்டார்கள்.

"விழுந்துட்டான் சார். கால்வாயில மண்ணும் அள்ளிட்டான். நீங்க வேணா வந்து பாருங்க, தண்ணி எப்படிப் போகுதுன்னு" என்றார் பெரியவர். "அதனால கம்பெனி மறுபடி தண்டிக்க வேண்டியதில்லை. ஒரு தப்புக்கு ரெண்டு தடவை வாங்க இது என்ன ரேஷனா?"

டைப்பிஸ்ட் தட்டிக்கொண்டே இருந்தார். வக்கீல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அண்ணனைப் பார்த்தார்.

"ஊர்ல விழுந்தீங்களா?"

"விழுந்தேன் சார்."

"எதுக்கு விழுந்தீங்க?"

"விழச் சொன்னாங்க சார்."

நான் எழுந்தேன். "ஐயா, அது ஒத்துக்கிட்டதா ஆகாது. ஊரோட சமாதானமாப் போறதுக்கு விழறது. எடுத்தவனும் விழுவான், எடுக்காதவனும் விழுவான். விழலைன்னா குடும்பத்தோட யாரும் பேச மாட்டாங்க. அதுக்குப் பயந்து விழுந்திருக்காரு."

நான் நன்றாகத்தான் பேசினேன் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பெரியவர் என் பக்கம் திரும்பிய விதத்தில் ஏதோ தவறிவிட்டது தெரிந்தது.

"ஏப்பா, நீ எந்த ஊரு?"

"கல்லாவிப் பக்கம்ங்க."

"உங்க ஊர்ல எடுக்காதவனை மண்ணள்ள வைப்பாங்களா?"

"அப்படி இல்லைங்க..."

"நாங்க வைக்க மாட்டோம். விசாரிக்காம விழச் சொல்ல மாட்டோம். எங்க ஊரு இன்னிக்கு நேத்து உக்காந்த ஊரு இல்ல." குரல் உயரவில்லை. "எடுக்காதவனைத் தண்டிச்சோம்னு இங்க எழுதிக்கிட்டீங்கன்னா நான் ஊருக்குத் திரும்பிப் போக முடியாது." அண்ணனைப் பார்த்து, தெலுங்கில், "நீயே சொல்லுடா" என்றார்.

அந்த அறையில் அண்ணன் பெரியவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார்.

"எடுத்தேன் சார்" என்றார்.

பெரியவர் முகத்தில் நிம்மதி. பையனைக் காப்பாற்றிவிட்ட நிம்மதிதான் அது, சத்தியமாக வேறொன்றும் இல்லை. எழுந்து வக்கீலுக்கும் ஆபீசருக்கும் கும்பிடு போட்டார். "பாத்தீங்களா, உண்மையைச் சொல்லிட்டான். இனிமே மிஷினுக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பால் வண்டிக்குப் போனார்.

அண்ணன் எடுத்ததால் அப்படிச் சொன்னாரா, பெரியவருக்காகச் சொன்னாரா? எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத இத்தனை வருஷத்தில் பலமுறை ஆசைப்பட்டிருக்கிறேன். ஒருநாள் இப்படி என்று தோன்றும், மறுநாள் அப்படி என்று தோன்றும். ஊருக்கு ஏற்கெனவே விழுந்தாகிவிட்டது, இனி எடுக்கவில்லை என்றால் அந்த ஊரில் எப்படி இருப்பது என்று அந்த ஒரு கணத்தில் கணக்குப் போட்டிருக்கலாம். அல்லது ஊரில் ஒரு தடவை விழுந்து எழுந்தவருக்கு இரண்டாவது தடவை பொய் சொல்ல மனசு வராமல் போயிருக்கலாம்.

வேலையை விட்டு நீக்கி உத்தரவு வந்தது. காரணம், திருட்டு.

செய்தி ஊருக்குப் போனதும் ஊர் மறுபடி கூடியது. இந்தத் தடவை குற்றவாளி கம்பெனி. முடிந்துபோன விஷயத்தை எடுத்துப் பேசியது யார்? கம்பெனி. விழுந்து எழுந்தவனைத் திருடன் என்று எழுதியது யார்? கம்பெனி. அப்படியானால் தண்டனை யாருக்கு என்பதில் ஊருக்குக் குழப்பமே இல்லை. இந்த விவகாரத்தில் எனக்கு அதுதான் ஆச்சரியம். என்னைத் தவிர எல்லாருக்கும் எல்லாம் தெளிவாகவே இருந்தது. எங்கள் கேண்டீனுக்குப் பால் அந்த ஊர்ச் சொசைட்டியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நிறுத்திவிட்டார்கள்.

மூன்று ஷிப்டும் பாலில்லாத கடும் டீ குடித்தது. மேனேஜர் அறைக்கும் கடும் டீதான் போனது. கேண்டீன் ஆள் அக்கம்பக்கத்து ஊர்களில் கேட்டுப் பார்த்தார். அங்கே எல்லாம் இந்த ஊரோடு கொடுத்து வாங்கிய சம்பந்தம். பிரஸ் ஷாப் ஆள் டம்ளரைத் தூக்கிக் காட்டி, "சார் உதாரணம் காட்டினாரு, ஊரு பதிலுக்கு ஒரு உதாரணம் காட்டுது" என்றார்.

கொஞ்ச நாள் கழித்து பர்சனல் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் அவருடைய கடும் டீ ஆறிப்போய் ஆடை இல்லாமல் நின்றது.

"உங்களை ஒண்ணு கேக்கட்டுமா? நான் செஞ்சது தப்பா?"

"தெரியலைங்க சார்."

"சும்மா சொல்லுங்க. அவரே ஒத்துக்கிட்டாரு. ஒத்துக்கிட்ட ஆளை வெச்சிருந்தா நாளைக்கு மத்தவங்களை நான் எப்படிக் கேப்பேன்?"

"அதும் சரிதான் சார்."

"ஆனா அந்தப் பெரியவர் வரலைன்னா ஆளை விட்டிருப்போம். எடுத்திருந்தாலும் விட்டிருப்போம்." அவர் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். "எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவங்க இதை எல்லாம் சொல்லலை."

அவர் ஒரு வழி வைத்திருந்தார். நீக்கிய உத்தரவை ரத்து செய்கிறோம், அவரே ராஜினாமா எழுதிக் கொடுக்கட்டும். திருட்டு என்ற பேச்சே எதிலும் வராது. நல்ல முறையில் வேலை செய்தார், சொந்தக் காரணத்தால் விலகினார் என்று சான்றிதழ் தருகிறோம். வேறு இடத்தில் பிழைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் சேலத்துக்கு லேபர் கோர்ட்டுக்குப் போகலாம், அது வருஷக்கணக்கில் இழுக்கும்.

கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். அண்ணனும் அந்த அம்மாவும் பெரியவரும் இருந்தார்கள்.

"கோர்ட்டுக்குப் போவோம்" என்றார் பெரியவர். "ஊர்ப் பொதுவுல செலவு பண்றோம். ஊரு தீத்ததை ஒரு கம்பெனி மறுபடி தொறக்க முடியுமான்னு பாத்துடுவோம்."

"பெரியவரே, கோர்ட்ல அவரு எடுக்கலைன்னு சொல்லணும்" என்றேன்.

"அதெப்படி? எடுத்தான், தண்டிச்சாச்சுன்னு சொல்லு."

"அப்படிச் சொன்னா கேஸ் நிக்காதுங்க."

"உண்மையைச் சொன்னா நிக்காத இடம் என்ன கோர்ட்டு?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்.

அந்த அம்மா தெலுங்கில் "சாலு" என்றார். போதும் என்று அர்த்தம். "எனக்கு ஊரும் வேணாம், கோர்ட்டும் வேணாம். அந்த நல்ல சர்ட்டிபிகேட்டை வாங்கிக் குடுங்க தம்பி." பெரியவர் தலையை ஆட்டினார். அண்ணன் கையெழுத்துப் போட்டார். அடுத்த நாளே பால் வந்தது.

அந்த டிரில்லிங் மிஷினுக்குத் தேனிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். புஷ் தட்டுக்கு மூடியும் பூட்டும் போட்டார்கள், போர்மேன் சொன்ன மாதிரியே. திருட்டு குறைந்ததா என்று கேட்டால், புஷ் திருட்டு குறைந்தது. பூட்டுக்கே இரண்டு தடவை கால் முளைத்துவிட்டது.

நெடுநாள் கழித்து, தீபாவளிக்கு முந்தின வாரம், ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்தேன். கொஞ்சம் சதை போட்டிருந்தார். அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் வேலை, முதலாளி கன்னடக்காரர் என்றார். டீ சொன்னேன்.

"சர்ட்டிபிகேட் உதவுச்சாண்ணா?"

"காட்டினேன். நல்லவன்னு எழுதியிருக்கே, அப்புறம் எதுக்கு விட்டாங்கன்னு கேட்டாரு. சொல்லிட்டேன் தம்பி, எல்லாத்தையும். ஊர்ல விழுந்தது, மண் அள்ளினது, கம்பெனி நீக்கினது, அப்புறம் இந்தப் பேப்பர் குடுத்தது."

"ஐயோ, ஏண்ணா?"

"எதைச் சொல்லணும் எதை விடணும்னு எனக்கு எங்க தெரியுது? பேச ஆரம்பிச்சா எல்லாம் சேந்து வந்துடுது."

"அவரு என்ன சொன்னாரு?"

அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு சாவிக் கொத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "ஸ்டோர் சாவி. பித்தளை, செம்பு எல்லாம் என் பொறுப்பு. இத்தனை பட்டவன் இனிமே தொடமாட்டான், படாதவனைத்தான் நம்பக்கூடாதுன்னு சொன்னாரு. சம்பளமும் அங்கத்ததைவிட மேல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"தம்பி, நீ நாலு படிச்சவன், சொல்லு. எடுக்கலைன்னு அவருகிட்ட சொல்லியிருந்தா இந்த வேலை கிடைச்சிருக்காது, இல்ல?"

"கிடைச்சிருக்காதுதான் போல."

"அப்போ இப்ப போய்ச் சொல்லலாமா வேணாமா?"

எதைச் சொல்லப் போகிறார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அத்திப்பள்ளி பஸ் வந்துவிட்டது. சாவியை எடுத்துப் பையில் போட்டு, பைக்கு மேலே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு, படியில் ஏறினார்.